தண்ணிக்கு அடியில போகாதே! – சிட்னி 2000, பெண்கள் 200 மீட்டர் பட்டர்ஃபிளை

சிட்னி ஒலிம்பிக்ஸ்னு சொன்னா நம்மில் பலருக்கு டக்குனு ஞாபகம் வர்றது கர்ணம் மல்லேஸ்வரி வாங்கின வெண்கலம். அது 2000 செப்டம்பர் 19. மறுநாள், செப்டம்பர் 20ஆம் தேதி, அதே ஊர்ல நீச்சல் குளத்துல நடந்த ஒரு ரெண்டு நிமிஷ சமாச்சாரத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னாடியிருந்து ஆரம்பிக்கணும். பொறுத்துக்கோங்க :-)

நீச்சல்ல இருக்குற நாலு ஸ்டைல்ல பட்டர்ஃபிளைதான் கடைக்குட்டி. பிறந்த கதையே வேடிக்கை. 1930கள்ல பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்தினவங்க சிலர், கையை தண்ணிக்குள்ளேயே முன்னால கொண்டு போகாம வெளியே தூக்கி வீசினா வேகம் கூடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. விதிப் புத்தகத்துல அதைத் தடுக்க ஒண்ணும் இல்லை. இப்படியே போனா பழைய பிரெஸ்ட் ஸ்ட்ரோக் செத்துப் போயிடும்னு பயந்து, 1952ல ரெண்டையும் தனித்தனியா பிரிச்சாங்க. பெண்கள் பட்டர்ஃபிளை ஒலிம்பிக்ஸுக்கு வந்தது 1956 மெல்பர்ன்ல, அதுவும் 100 மீட்டர் மட்டும். 200 மீட்டருக்கு 1968 மெக்சிகோ வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, பட்டர்ஃபிளையே விதியில இருந்த ஓட்டை வழியா வந்த குழந்தைதான். இதை மனசுல வெச்சுக்கோங்க.

அடுத்த ஆள், மேரி டி. மாஹர். அமெரிக்காக்காரர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸை அவங்க நாடு புறக்கணிச்சதால போக முடியலை. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல, பதினாறு வயசுல, விஸ்கான்சின் மாநிலத்துல நடந்த தேசியப் போட்டியில 100 மீட்டரை 57.93 வினாடியிலயும், 200 மீட்டரை 2 நிமிஷம் 05.96 வினாடியிலயும் முடிச்சார். இந்த ரெண்டு நம்பரையும் உலகம் பதினெட்டு வருஷம் வெறிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. ஊக்க மருந்து ஊட்டி வளர்த்த கிழக்கு ஜெர்மனியாலேயும் தொட முடியலை. பத்திரிகைக்காரங்க அவருக்கு வெச்ச பேரு 'மேடம் பட்டர்ஃபிளை'.

அந்தப் பட்டம் பின்னால இன்னொருத்தருக்கும் போச்சு. அவர்தான் ஆஸ்திரேலியாவோட சூசி ஓ'நீல். 1996 அட்லாண்டாவுல 200 மீட்டர் பட்டர்ஃபிளை தங்கம். ஆறு வருஷமா அந்தப் போட்டியில அவரைப் பெரிய மேடையில யாரும் ஜெயிச்சதில்லை. மாஹரோட 100 மீட்டர் சாதனையை 1999ல ஜென்னி தாம்சன் சிட்னி குளத்துல உடைச்சார். 200 மீட்டர் மட்டும் மிச்சம். 2000 மே மாசம், அதே சிட்னி குளத்துல நடந்த தகுதிப் போட்டியில ஓ'நீல் 2:05.81. கிட்டத்தட்ட 19 வருஷச் சாதனை காலி! நாலு மாசத்துல அதே குளத்துல ஒலிம்பிக்ஸ். சொந்த ஊர், சொந்தத் தண்ணி. பத்தாததுக்கு முந்தின நாள்தான் 200 மீட்டர் ஃப்ரீ ஸ்டைல்ல தங்கம் வேற வாங்கியிருக்கார். இதுக்கு மேல என்ன வேணும்?

இப்போ நம்ம கதையோட மூணாவது பொண்ணு. மிஸ்டி ஹைமன், வயசு 21. அமெரிக்காவுல அரிசோனாக்காரர். ஆஸ்துமா இருந்ததால சின்ன வயசுல நீச்சலுக்கு அனுப்பப்பட்டவர். மூச்சுப் பிரச்சினை உள்ள இந்தப் பொண்ணுதான் தண்ணிக்கு அடியில மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நீந்தறதுல கில்லாடி ஆனார்!

தண்ணியோட மேற்பரப்புல நீந்தும்போது நாமளே அலையைக் கிளப்பறோம். அந்த அலையைத் தள்ளிக்கிட்டுப் போறதுலயே பாதி சக்தி வீணாப் போயிடுது. கொஞ்சம் ஆழத்துல போனா அந்தத் தொல்லை இல்லை. அதனால டால்ஃபின் மாதிரி ரெண்டு காலையும் சேர்த்து அடிச்சுக்கிட்டு அடியிலேயே போறது பல பேருக்கு மேலே நீந்தறதை விட வேகம். ஹைமன் இன்னொரு படி மேலே போனார். குப்புற இல்லாம ஒருக்களிச்சுப் படுத்து, மீன் வாலை ஆட்டற மாதிரி பக்கவாட்டுல அடிச்சார். காலால உண்டாகற சுழல் மேற்பரப்புலயும் தரையிலயும் மோதி உடையாம ரெண்டு பக்கமும் விரியும்னு கணக்கு. மத்தவங்க மேலே வந்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் இவர் தலை தெரியும்.

விதி போடறவங்களுக்கு இந்த விளையாட்டு புதுசு இல்லை. 1956ல ஜப்பானோட மசாரு ஃபுருகவா பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கை பெரும்பாலும் முங்கியே நீந்தி தங்கம் வாங்கினார். உடனே அதுக்குத் தடை. 1988 சியோல்ல பேக் ஸ்ட்ரோக்காரங்க முங்கினாங்க; அதுக்கும் கட்டுப்பாடு. 1996ல ரஷ்யாவோட டெனிஸ் பங்கிராதவ் முதல் நீளத்துல பாதிக்கு மேல அடியிலேயே போய் பட்டர்ஃபிளை தங்கம் வாங்கினார். சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு (அப்போ ஃபினா, 2023லேர்ந்து வேர்ல்ட் அக்வாடிக்ஸ்) 1998ல பட்டர்ஃபிளைக்கும் கோடு போட்டுடுச்சு. 15 மீட்டருக்குள்ள தலை வெளியே வந்தாகணும்.

ஹைமனோட நிலைமையை நினைச்சுப் பாருங்க. வருஷக்கணக்கா செதுக்கின ஆயுதத்தை ஒரே வரியில பிடுங்கிட்டாங்க. வேகம் குறைஞ்சுது. மேற்பரப்புல, மத்த எல்லாரும் நீந்தற மாதிரி நீந்த அவர் திரும்பக் கத்துக்க வேண்டியதாச்சு. சிட்னியில அவருக்கு இருந்தது ஒரே ஒரு போட்டி. வேற வாய்ப்பே இல்லை.

செப்டம்பர் 20. அரங்கம் நிறைய ஆஸ்திரேலியக் கூட்டம். பாதி தூரத்துல முன்னால இருந்தது ஹைமன். 200 மீட்டர் பட்டர்ஃபிளையில வேகமா ஆரம்பிக்கறவங்க கடைசி 50ல கை தூக்க முடியாம தொங்கிப் போறது வழக்கம். ஓ'நீல் வந்து பிடிச்சுடுவார்னுதான் எல்லாரும் காத்திருந்தாங்க. பிடிக்கலை.

ஹைமன் 2:05.88. ஓ'நீல் 2:06.58. மூணாவது இன்னொரு ஆஸ்திரேலியர் பெட்ரியா தாமஸ், 2:07.12. ஸ்கோர் போர்டைப் பார்த்து ஹைமன் வாயைப் பிளந்து நின்ன முகத்தை இப்பவும் வீடியோவுல பார்க்கலாம். 1984லேர்ந்து மாஹர் பேர்ல இருந்த 2:06.90 ஒலிம்பிக் சாதனையும் போயே போச்சு.

இதை இன்னிக்கும் 'அதிர்ச்சித் தோல்வி'ன்னுதான் எழுதறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. நம்பரைப் பாருங்க. ஓ'நீல் அன்னிக்கு நீந்தினது அட்லாண்டாவுல தங்கம் வாங்கின நேரத்தை விட ஒரு வினாடிக்கும் மேல வேகம். அந்தப் பழைய ஒலிம்பிக் சாதனையை வெள்ளி வாங்கினவரும் உடைச்சிருக்கார். ஹைமனாலேயும் ஓ'நீலோட உலக சாதனையைத் தொட முடியலை, 0.07 வினாடி பாக்கி. அதாவது யாரும் சொதப்பலை. ஒருத்தர் நல்லா நீந்தினார், இன்னொருத்தர் அன்னிக்கு அதை விட நல்லா நீந்தினார். அவ்வளவுதான்.

ஆனா அந்த 'அவ்வளவுதான்' மனசுக்குப் புரியணுமே! எட்டு ஒலிம்பிக் பதக்கம் வாங்கின ஓ'நீல் அந்த வருஷமே ஓய்வு பெற்றார். இந்த ரேஸை இருபது வருஷம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. 2020ல தான் வேலை பார்த்த ரேடியோ நிகழ்ச்சியில முதல் முறையா பார்த்து, தேம்பி அழுதுட்டார். ரெண்டு தங்கமும் ஓர் உலக சாதனையும் கையில இருந்தும், முக்கால் வினாடி கூட இல்லாத ஒரு இடைவெளி இருபது வருஷம் உள்ளேயே கிடந்திருக்கு.

ஹைமனுக்கு வாழ்நாள்ல கிடைச்ச ஒலிம்பிக் பதக்கம் அது ஒண்ணுதான். 15 மீட்டர் விதி வராம இருந்திருந்தா அவர் இன்னும் சுலபமா ஜெயிச்சிருப்பாரோ, இல்லை அந்த விதிதான் அவரை முழுமையான பட்டர்ஃபிளைக்காரர் ஆக்குச்சோ? நான் ரெண்டாவது கட்சி. நீங்க எந்தக் கட்சின்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

கொசுறு: ஓ'நீலோட 2:05.81 ரெண்டு வருஷம் தாங்குச்சு. 2002ல பெர்லின்ல அதை உடைச்சவர் போலந்தோட ஒட்டிலியா யென்ஜெய்சாக். சிட்னி ஃபைனல்ல அஞ்சாவதா வந்த பொண்ணு! 2004 ஏதென்ஸ்ல தங்கமும் அவருக்குத்தான். அந்தத் தங்கத்தை ஏலம் விட்டு, பணத்தை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துட்டார். அது தனிப் பதிவுக்கான மேட்டர்.