தஞ்சாவூர் மாத்திரை

அமெரிக்காவுக்கு ஆன்சைட் போற நம்ம பொட்டி தட்டுற மக்கள் யெல்லோஸ்டோன் பக்கம் சுத்திப் பார்க்கப் போனா, கரடி எதிர்ல வந்தா என்ன செய்யணும்னு பக்கம் பக்கமா அறிவுரை கிடைக்கும். ஓடாதே. கத்தாதே. மெதுவா பின்னாலேயே நகரு. மிளகாய் ஸ்ப்ரேயைக் கையில தயாரா வெச்சுக்கோ. கிரிஸ்லி மேல விழுந்தே விட்டா, குப்புறப் படுத்து, பின்னங்கழுத்தை ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டு அசையாம கிட. அங்கே சின்னப் பசங்களுக்குக் கூட இது தெரியும்.

நம்ம தஞ்சாவூர்ல கரடிக்கு வழியே இல்லை. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் வயல்தான். ஆனா நமக்கும் ஒரு கரடி உண்டு மக்களே, காலில்லாத கரடி. நெல்லு இருக்கற இடத்துல எலி இருக்கும், எலி இருக்கற இடத்துல பாம்பு இருக்கும். அறுப்பு, வைக்கோல் போர், ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறது, திண்ணையில பாய் விரிச்சுத் தூங்கறதுன்னு டெல்டாக்காரன் வாழ்க்கை முழுக்க அதோட வழியிலதான் நடக்குது. அப்போ நம்ம ஊர்ல என்ன அறிவுரை இருந்துச்சு? அதைத் தேடப் போனா ஒரு மாத்திரையில போய் முடியுது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில பாம்புக்கடிக்கு மருந்துன்னு ஐரோப்பா வரைக்கும் பேர் வாங்கினது 'தஞ்சாவூர் மாத்திரை'. வெள்ளைப் பாஷாணம், பாதரசம், நேர்வாளம், மிளகு இதெல்லாம் சேர்த்து அரைச்சு உருட்டினது. பாஷாணம்னா வேற ஒண்ணுமில்லை, ஆர்சனிக். விஷத்துக்கு விஷம்கற கணக்கு.

அந்தச் சமயத்துல கும்பனியோட இயற்கை ஆய்வாளரா இங்கே இருந்தவர் பாட்ரிக் ரஸ்ஸல். ஸ்காட்லாந்துக்காரர், வைத்தியர். அவருக்கு முன்னாடி அந்த வேலையில இருந்தவர் கோனிக், லின்னேயஸோட மாணவர். 1768ல நம்ம தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த மனுஷன். 1785ல அவர் இறந்த பிறகு ரஸ்ஸல் வந்தார். சோழமண்டலக் கரையில எந்தப் பாம்புக்கு விஷம் உண்டு, எதுக்கு இல்லைன்னு தரம் பிரிக்கறதுதான் அவரோட பெரிய கவலை. 1796ல வந்த அவரோட பாம்புப் புத்தகம் அதோட விளைவு. கண்ணாடி விரியனுக்கு அறிவியல் உலகத்துல இன்னைக்கும் அவர் பேர்தான்.

அவர் செஞ்ச இன்னொரு வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நாய்களையும் கோழிகளையும் பாம்பு கடிக்க விட்டு, தஞ்சாவூர் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார். பாவம்தான், ஆனா நம்ம பாஷையில சொன்னா டெஸ்டிங். 'ராஜாவே சொன்னார், ஊரே சொல்லுது'ங்கறதை அப்படியே ஏத்துக்கலை. மாத்திரை மேல அவருக்கு நம்பிக்கை வரலை.

இருந்தாலும் மாத்திரையோட புகழ் அவ்வளவு சுலபமா அடங்கலை. மேற்கிந்தியத் தீவுகள்ல இருந்த ஒரு ஆங்கிலேய ராணுவ வைத்தியர் இதைக் கேள்விப்பட்டு, அங்கே பாம்பு கடிச்ச சிப்பாய்களுக்கு ஆர்சனிக் கொடுத்துப் பார்த்து கட்டுரையே எழுதினார்.

வேலை செய்யாத மருந்துக்கு எப்படி இவ்வளவு பேர்? இங்கேதான் விஷயம் இருக்கு. நம்ம ஊர்ல கடிக்கற பாம்புல நிறைய விஷமில்லாத சாரையும் தண்ணிப்பாம்பும்தான். விஷப்பாம்பு கடிச்சாலும் ஒவ்வொரு தடவையும் விஷம் இறக்கறதில்லை, வெறும் கடியாவே போறதும் உண்டு. அப்படித் தப்பினவன் எல்லாம் மாத்திரையாலதான் தப்பினேன்னு ஊர் பூரா சொல்லுவான். தப்பாதவன் வந்து சொல்லப் போறதில்லையே!

எங்க பெரியப்பாவை வயல்ல தண்ணி திருப்பும்போது ஒரு தடவை கடிச்சுது. வேப்பிலையைத் திங்கச் சொல்லிக் கசக்குதான்னு கேட்டாங்க, மிளகு கொடுத்து உறைக்குதான்னு கேட்டாங்க, மந்திரிச்சாங்க. பிழைச்சுக்கிட்டார். வைத்தியருக்கு ஏக மரியாதை. ரெண்டு வருஷம் கழிச்சு, அதே தெருவுல தரையில படுத்திருந்த ஒரு அக்காவுக்கும் அதே வேப்பிலை, அதே மிளகு, அதே மந்திரம். விடியறதுக்குள்ள இமை தொங்கிப் போச்சு, மூச்சு நின்னு போச்சு. கட்டுவிரியனா இருந்திருக்கும். அது கடிச்சா பல சமயம் வலியே இருக்காது. வைத்தியர் சொன்னது: "விதி." ஜெயிச்சா மருந்து, தோத்தா விதி. இப்படி ஒரு டெஸ்ட் கேஸ் வெச்சா எந்த புரோகிராமும் ஃபெயில் ஆகாது :-(

நிஜ மருந்து வர்றதுக்கு நூறு வருஷம் ஆச்சு. 1872ல ஜோசப் ஃபேரர் இந்திய விஷப்பாம்புகள் பத்தின பெரிய புத்தகத்தை வெளியிட்டார். அவரும் மருந்து மருந்தா சோதிச்சு, ஒண்ணும் உதவலைன்னுதான் எழுதினார். 1890கள்ல ஆல்பர்ட் கால்மெட் நாகத்தின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா மிருகங்களுக்கு ஏத்தி, அதோட ரத்தத்துலேர்ந்து விஷமுறிவு சீரம் எடுத்தார். ஒரு பாம்போட சீரம் இன்னொரு பாம்போட விஷத்துக்கு உதவாதுன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. அதனாலதான் இன்னைக்கு நம்ம ஆஸ்பத்திரியில இருக்கற ஊசி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்துத் தயாராகுது. அதுக்கு விஷம் எங்கேர்ந்து? பெரும்பகுதி வடநெம்மேலியில 1978ல தொடங்கின இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துலேர்ந்து. அந்த இருளர்கள்ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. பாஷாணத்துல ஆரம்பிச்ச கதை எங்கே வந்து நிக்குது பாருங்க.

ஆனா கதை முடியலை. 2000லேர்ந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியில செத்தவங்க சுமார் 12 லட்சம்னு 2020ல வந்த ஆய்வு சொல்லுது. வருஷத்துக்கு 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்க. 2024 நவம்பர்லதான் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சது. மருந்து இருக்கு, அது இருக்கற இடத்துக்கு ஆள் நேரத்துக்குப் போய்ச் சேரணும். அவ்வளவுதான் பாக்கி.

அதனால கரடி அறிவுரை மாதிரி நம்ம ஊருக்கும் ஒண்ணு. பாம்பைப் பார்த்தா நில்லு, மெதுவா பின்னால நகரு, அதுக்கு வழி விடு. அது உன்னைத் துரத்தாது, பழியும் வாங்காது. அடிக்கப் போறவன்தான் கடி வாங்குவான். ராத்திரி வரப்புல டார்ச் இல்லாம கால் வைக்காதே, வைக்கோலுக்குள்ள வெறுங்கையை விடாதே. கட்டில் இல்லைன்னாலும் கொசுவலையைப் பாய்க்கு அடியில சொருகிப் படு.

கடிச்சிடுச்சா? கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கயிறு கட்டாதே. மோதிரம், வளையல், கொலுசைக் கழட்டு. கடிபட்ட கை காலை எலும்பு முறிஞ்ச மாதிரி அசையாம வெச்சு 108ஐக் கூப்பிடு. பாம்பை அடிச்சுத் தூக்கிட்டுப் போக வேண்டாம், அடையாளம் சொன்னா போதும். வலி இல்லையேன்னு வீட்டுல உட்காராதே. மந்திரிக்கணும்னு பாட்டி பிடிவாதம் பிடிச்சா, சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆம்புலன்ஸ்ல கூட ஏத்திக்குங்க, போற வழியில மந்திரிக்கட்டும்.

டிஸ்கி: உங்க ஊர்ல பாம்புக்கடிக்கு என்ன செய்வாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பிழைச்ச கதையை மட்டும் இல்லை, பிழைக்காத கதையையும்.