மரை ஏறிய ஸ்பிரிங்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் என்றால் ஷூ, செருப்பு, பெல்ட், கையுறை. தோலில் ஒரு வண்டியையே தொங்கவிடலாம் என்ற யோசனை அங்கே யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. ஐரோப்பியப் பிரபுக்களுக்கு வந்தது. அவர்களுடைய கோச்சு வண்டிகளில் சக்கரமும் அச்சும் ஒரு சட்டத்தில் இருந்தன. சட்டத்தின் மூலைகளில் கம்பங்கள் நின்றன. பல பரத் தோலை அடுக்கித் தைத்த தடித்த வார்கள் கம்பங்களிலிருந்து இறங்க, ஆள் உட்காரும் பெட்டி அவற்றில் தூளி மாதிரி தொங்கியது. சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக முதுகெலும்புக்குப் போகவில்லை. முதுகு தப்பியது, வயிறு தப்பவில்லை. கப்பலில் போகிறவர்களைப் போலக் கோச்சில் போனவர்களும் வாந்தி எடுத்தார்கள்.

தோலுக்கு இன்னொரு குணமும் உண்டு. எவ்வளவு நன்றாகப் பதனிட்டாலும் பாரத்தில் நீளும். ஒரு பக்க வார் நீண்டதும் பெட்டி ஒருக்களித்துச் சாய்ந்தது. அதற்காகப் பிற்காலக் கோச்சுகளில் வாரின் நுனியை ஒரு பல்சக்கர உருளையில் சுற்றி வைத்தார்கள். வண்டிக்காரன் இறங்கி வந்து சாவியைப் போட்டுத் திருகினான், பெட்டி நிமிர்ந்தது. வண்டியின் உயரத்தைத் திருகி ஏற்றுகிற அந்த வசதி, தோல் போனபோது கூடவே போயிற்று.

தோலைத் துரத்தியது இரும்பு. 1763இல் இங்கிலாந்தில் டிரெட்வெல் என்பவர் சுருள் ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். வாங்கி என்ன பயன்? சுருள் அமுங்கும், எழும்பும். ஆனால் அச்சை முன்னே பின்னே நகராமல் பிடித்து வைக்க அதற்குத் தெரியாது. 1804இல், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுவதற்கு இரண்டே ஆண்டு முன்பு, ஒபடையா எலியட் என்ற லண்டன்காரர் வளைந்த பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்கைக் கோச்சுக்குக் கொடுத்தார். அது பாரத்தைத் தாங்கியது, அச்சைப் பிடித்தது. பட்டையோடு பட்டை உரசியதால் ஆட்டத்தையும் ஓரளவு அதுவே அடக்கியது. ஒரே ஆள் மூன்று வேலை பார்த்தால் மற்றவனை யார் கூப்பிடுவார்கள்? நம் ஊர் ஜட்காவிலிருந்து லாரி வரை பட்டைக் கட்டே ஆண்டது. சுருள் ஸ்பிரிங் கடிகாரத்திலும் மெத்தையிலும் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

மோட்டார் வந்து வேகம் கூடியதும் பட்டைக் கட்டின் சாயம் வெளுத்தது. பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி குதித்துக்கொண்டே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரரான டிரஃபோ ஒரு சைக்கிளின் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கை மாட்டி, அது துள்ளாமல் இருக்க உராய்வில் இயங்கும் ஓர் அடக்கியையும் சேர்த்தார். எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் அதைப் பார்த்தார். சைக்கிளை விட்டுவிட்டு அடக்கியைக் காருக்குக் கொண்டுபோனார். இரண்டு கைகள், நடுவே ஒரு மூட்டு, மூட்டில் ஒரு போல்ட். போல்ட்டை இறுக்கினால் கார் விறைத்தது, தளர்த்தினால் இளகியது. கார்களின் முதல் ஷாக் அப்சார்பர்களில் ஒன்றே திருகி மாற்றும்படி பிறந்தது என்பதை இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. பிறகு எண்ணெய் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மோரிஸ் ஹூடாய் எண்ணெயில் இயங்கும் அடக்கிக்குக் காப்புரிமை கேட்டார். ஆட்டத்தை அடக்கத் தனி ஆள் வந்தாயிற்று. இனிச் சுருள் ஸ்பிரிங்கை எழுப்பலாம்.

எழுப்பியது ஜெனரல் மோட்டார்ஸ். 1934ஆம் ஆண்டு கேடிலாக்கில் முன் சக்கரங்கள் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியாக ஏறி இறங்கின. தாங்கியது சுருள் ஸ்பிரிங். அதே 1934இல் அந்தக் கம்பெனியில் ஒரு பொறியாளர் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் ஏர்ல் மெக்ஃபர்சன். 1891இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்து, 1915இல் அங்கேயே பொறியியல் முடித்தவர். கேடிலாக்கின் சொகுசு அவருக்கு விதிக்கப்படவில்லை.

1945இல் போர் முடிகிற நேரம். சிப்பாய்கள் ஊர் திரும்புவார்கள், கையில் காசு குறைவாக இருக்கும், சின்னக் கார் தேடுவார்கள் என்று ஷெவர்லே கணக்குப் போட்டது. ஆயிரம் டாலருக்குள் நான்கு பேர் போகும் கார், பெயர் கேடட், பொறுப்பு மெக்ஃபர்சன். ஆயிரம் டாலர் என்ற அந்த எண்தான் எல்லாவற்றையும் செய்தது. கேடிலாக்கில் இருந்தது போல மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவே ஸ்பிரிங், ஓரத்தில் ஷாக் என்று தனித்தனியாக வைத்தால் விலையும் எடையும் கைமீறும். ஏதாவது ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும்.

மெக்ஃபர்சன் மேல் கையைத் தூக்கி எறிந்தார். ஷாக் அப்சார்பரையே தடித்த தூணாக நிறுத்தினார். அதன் உடம்பில் தட்டு மாதிரி ஓர் இருக்கை வைத்து, சுருள் ஸ்பிரிங்கை அதன்மேல் மாலை போல மாட்டினார். தூணின் அடி சக்கரத்தோடு, தலை பாடியின் உச்சியோடு. பாரம், ஆட்டம், சக்கரத்தின் நிமிர்வு மூன்றையும் அந்தத் தூணே பார்த்துக்கொண்டது. பட்டைக் கட்டு நூறு வருஷத்துக்கு மேல் செய்த மூன்று வேலையைச் சுருள் ஸ்பிரிங் ஒரு துணையோடு திருப்பிச் செய்தது என்றுகூடச் சொல்லலாம். ஃபியட்டின் குய்டோ ஃபோர்னாக்கா 1920களிலேயே இதே சாயலில் ஒரு காப்புரிமை வாங்கியிருந்தார். மெக்ஃபர்சன் அதைப் பார்த்திருக்கலாம். ஆனால் ஃபோர்னாக்காவுக்கு ஆயிரம் டாலர் நெருக்கடி இல்லை. கேடட்டில் நான்கு சக்கரத்துக்கும் தூண் நின்றது. 1947 மார்ச்சில் காப்புரிமைக்கு மனு போயிற்று.

இரண்டே மாதம். மே மாதம் கேடட்டைக் கம்பெனி கைவிட்டது. போருக்குப் பின் அமெரிக்காவில் எந்தக் காரை வைத்தாலும், எந்த விலைக்கும் விற்றது. பெரிய காருக்கே வரிசை நிற்கும்போது லாபம் குறைந்த சின்னக் கார் எதற்கு என்றார்கள். விலையும் ஆயிரம் டாலருக்குள் அடங்கவில்லை. காப்புரிமைத் தாள் அலமாரிக்குப் போனது. மெக்ஃபர்சன் அதே ஆண்டு கம்பெனியை விட்டு வெளியேறினார். நேராக எதிரி முகாமுக்கு.

எதிரி முகாம் ஃபோர்டு. அங்கே அவருடைய தூணை முதலில் ஏற்றுக்கொண்டது அமெரிக்கக் கார் அல்ல. சின்னக் காருக்கு உண்மையிலேயே தேவை இருந்த நாடு பிரிட்டன். 1950 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் ஃபோர்டு கான்சல், செஃபிர் என்ற இரு கார்களுக்குத் திரை விலகியது. அடிச்சட்டம் இல்லாமல் பாடியே சட்டமாக இருந்த கார்கள் அவை. தூணின் தலையைத் தாங்க உயரமான கோபுரத்தைத் தகரத்திலேயே அடிக்க முடிந்தது. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் ரோட்டுக்கு வந்தது. பழைய கம்பெனி போட்ட மனுவுக்கு 1953 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தபோது, அதை எழுதியவர் ஃபோர்டின் துணைத் தலைவர். 1960இல் இறந்தார். சென்னைக்கு அவர் தூண் அப்போது வரவில்லை, வேறொன்று வந்தது.

வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு கார் உருவானது. இரண்டு கதவு, கூர்மையான மூக்கு, குறுகலான தெருவில் திரும்பிவிடும் சாமர்த்தியம். அதன் முன் சக்கரத்தில் ஷாக்கைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங் இருந்தது. மேலும் கீழும் கைகள். கல்கத்தா அம்பாசடர் முறுக்குக் கம்பியில் நின்றது, பம்பாய் ஃபியட் பின்னால் பட்டைக் கட்டோடு வந்தது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த கார் சென்னையில் பிறந்தும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் இல்லை. சோழவரத்து விமானத் தளத்தில் பந்தயம் ஓட்டியவர்கள் மட்டும் அதன் அடியில் படுத்துப் பார்த்தார்கள்.

மெக்ஃபர்சன் தூண் இந்திய வீதிகளில் பெருகியது 1983 டிசம்பர் 14க்குப் பிறகுதான். இந்திரா காந்தி சாவி கொடுத்த மாருதி 800, விலை 47,500 ரூபாய். கேடட் எந்த ஜனத்துக்காக வரையப்பட்டதோ அந்த ஜனத்தின் கார். முன்னால் இரண்டு ஸ்ட்ரட். பின்னால், பாவம், முதல் மாடலில் பட்டைக் கட்டு. பிறகு வந்த மாருதி ஜென்னிலும் எஸ்டீமிலும் அதே முன் தூண். ஆனால் அந்தத் தூணில் ஒரு குறை. ஸ்பிரிங் உட்காரும் தட்டு குழாயோடு வெல்டிங் ஆகியிருந்தது. கம்பெனி வைத்த உயரம்தான் உயரம். இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய வண்டிக்காரனால் செய்ய முடிந்ததை எஸ்டீம்காரரால் செய்ய முடியவில்லை.

இந்த இடத்தில் தோல் மறுபடி எட்டிப் பார்த்தது. நெதர்லாந்தில் அவுட்-பைர்லாந்து என்ற ஊரில் 1857இல் டி கோனிங் என்பவர் குதிரைச் சேணச் சாமான் செய்யும் பட்டறை வைத்தார். குதிரைக்கு வேலை குறைந்ததும் குடும்பம் மோட்டார் பக்கம் திரும்பியது. 1945வாக்கில், மெக்ஃபர்சன் கேடட்டை வரைந்துகொண்டிருந்த அதே சமயத்தில், அடக்கும் வலுவைக் கூட்டிக் குறைக்கிற ஷாக்கைக் கொண்டுவந்தது. கோனி என்ற அதன் பெயர் கோனிங்கிலிருந்து வந்தது. ஷாக்கின் வலு கைக்கு வந்தது. உயரம்?

உயரத்தைக் கைக்குக் கொண்டுவந்தது பந்தயப் பட்டறைகள். ஒவ்வொரு தடத்துக்கும் காரைக் கொஞ்சம் ஏற்றவும் இறக்கவும் வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங்கை அறுத்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆகவே ஸ்பிரிங்கை விட்டுவிட்டுத் தட்டை அறுத்தார்கள். ஸ்ட்ரட்டின் வெளிச் சுவரில் மரை போட்டார்கள், அல்லது மரை போட்ட குழலை அதன்மேல் நுழைத்தார்கள். மரையில் ஒரு வளையம், அதைப் பூட்ட இன்னொரு வளையம். வளையத்தின்மேல் உட்கார்ந்தது ஸ்பிரிங். மெக்ஃபர்சன் காசு மிச்சம் பிடிக்க நிறுத்திய தூண் இப்போது காசு கொட்டிக் கொடுக்கும் பொருளாயிற்று. நீலம், மஞ்சள், ஊதா என்று சாயமேறி, பையன்கள் டயருக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டுகிற காயில்-ஓவர் இதுதான்.

வேலூர்ப் பக்கத்தில் ஒரு பழைய எஸ்டீமுக்கு இதை மாட்ட முதல் வேலை, ஸ்ட்ரட்டைக் கழற்றி ஸ்பிரிங்கைக் கவ்விகளால் அழுத்திப் பிடிப்பது. கவ்வி வழுக்கினால் ஸ்பிரிங் பல்லைப் பெயர்த்துவிடும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது. பிறகு கிரைண்டரில் பழைய தட்டு போனது. அதற்குக் கீழே தாங்கு வளையம் ஒன்று வெல்டிங் ஆயிற்று, அதன்மேல் மரைக் குழல் உட்கார்ந்தது. பழைய அகலமான ஸ்பிரிங்குக்குப் பதில் உள்விட்டம் சுமார் 60, 65 மில்லிமீட்டர் உள்ள ஒல்லி ஸ்பிரிங். ஒல்லியானதால் டயருக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. காரை மிகவும் இறக்கினால் உள்ளே பிஸ்டன் ஓட இடம் இருக்காது என்பது விவரம் தெரிந்த மெக்கானிக்கின் கவலை. அவர் ஸ்ட்ரட் குழாயையே வெட்டிக் குட்டையாக்கி, அதற்கேற்ற குட்டை ஷாக்கை உள்ளே வைத்தார். விவரம் தெரியாதவர் வளையத்தை மட்டும் இறக்கிவிட்டு, ஷாக் உள்ளே அடி தட்டுவதை ‘ஸ்போர்ட்டி’ என்றார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, காரைக் கம்பெனி அமைப்பிலிருந்து மாற்றுவதற்குக் கடிவாளம் போட்டிருப்பதை இருவருமே பேசவில்லை.

சோதனை ஓட்டத்துக்கு அமிர்தி ரோடு. கணியம்பாடி தாண்டிக் காட்டுக்குள் புகுந்து ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வழி. ஸ்பிரிங்குக்கு வளைவு, ஷாக்குக்குக் குழி, இரண்டுக்கும் வேகத்தடை. பட்டறையில் நான்கு விரல் இறங்கி அழகாக நின்ற கார் முதல் வேகத்தடையிலேயே வயிற்றைத் தேய்த்தது. ஓரமாக நிறுத்தினார்கள். டிக்கியிலிருந்து கொக்கி வளைவுள்ள சி ஸ்பேனர் வந்தது. ஜாக்கி வைத்து, பூட்டு வளையத்தைத் தளர்த்தி, ஸ்பிரிங் உட்கார்ந்த வளையத்தை இரண்டு சுற்று ஏற்றினார் மெக்கானிக். மறு பக்கமும் இரண்டு சுற்று, எண்ணிக்கொண்டே. கார் நிமிர்ந்தது. இனி வீல் அலைன்மென்ட்டை மறுபடி பார்க்க வேண்டும் என்று முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்.