டாக்டர் ஹியூ யங் சரித்திரம்

சிறுவர்களின் முழங்காற் காயத்திற்குத் தடவும் மெர்குரோக்ரோம் என்னும் சிவப்பு மருந்து, திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளிலுள்ள நம்மவர் வீடுகளில் நெடுங்காலம் இருந்துவந்ததாகும். அதனை 1919-ஆம் வருஷத்தில் வைத்திய உலகிற்கு அறிவித்தவர்களுள் முதல்வரான டாக்டர் ஹியூ ஹாம்ப்டன் யங்கின் பெருந்தொழில் யாதென்பதை அறிந்தோர் சிலரே. ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய்க்குச் சஸ்திர சிகிச்சை வகுத்த பெரியார் அவர்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் 1870-ல் பிறந்த யங், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் பேராசிரியர் ஹால்ஸ்டெட்டிடம் பயின்றார். 1897-ல் ஒருநாள் தாழ்வாரத்தில் விரைந்து வந்தவர் ஆசிரியர்மீதே மோதிக்கொண்டார். ஆசிரியரோ கோபியாமல், மூத்திர வியாதிப் பிரிவை அவரே நடத்தவேண்டுமென்றார். அத்துறையில் தமக்கு ஒன்றுந் தெரியாதே என்று யங் விண்ணப்பிக்க, அது தமக்கும் தெரியுமென்றும், கற்றுக்கொள்ளலாமென்றும் விடை வந்ததாம்.

புற்று அச்சுரப்பியின் உறைக்குள்ளேயே பலநாள் அடங்கிக் கிடக்கிறதென்பதை யங் ஆராய்ந்து கண்டார். பரவுமுன் உறையோடும், விந்துப்பைகளோடும், மூத்திரப்பைக் கழுத்தின் ஒரு பகுதியோடும் சுரப்பி முழுவதையும் நீக்கத் துணிந்து, 1904 ஏப்ரல் 7-ந் தேதி அவ்வாறே செய்து முடித்தார். ஹால்ஸ்டெட் அருகில் உதவியாளராக நின்றார். மாணாக்கனுக்கு ஆசிரியர் உதவியாளராக நிற்பது நம் நாட்டில் இன்றும் எளிதிற் காணக்கூடிய காட்சியன்று! மறுவருஷம் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில், நோயைப் பூரணமாய் நீக்குதலுக்கு முன்னதாக, அதனை ஆரம்பத்திலேயே கண்டறிதலைத்தான் யங் வைத்தார்.

திண்டிவனத்தை அடுத்த கிராமத்தில் வாழ்ந்த எனது பெரிய தகப்பனார், இரவில் நாலைந்து முறை எழுந்துபோவதை உஷ்ணமென்றே கருதி, நீராகாரமும் இளநீருமாக இரண்டு வருஷம் கழித்தார். வயோதிகர் பலருக்கு இது புற்றல்லாத சாதாரண வீக்கத்தால் உண்டாவதே. எனினும் பரீட்சித்தாலன்றி இன்னதென்று தெரியாது. மூத்திரத்தில் இரத்தம் கண்டதையும் வெட்கத்தால் பெரியம்மாளிடங்கூடச் சொல்லவில்லை. இடுப்பு வலியால் படுத்த பின்னரே சென்னைக்கு ரயிலேற்றினோம். அதற்குள் எலும்பிற் பரவிவிட்டது.

அந்நிலையில் யங்கின் சிகிச்சைக்கு இடமில்லை. பரவிவிட்ட நோய்க்கு வேறு வழி காட்டியவர் சிக்காகோ நகரத்து டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ். ஆண்மைச் சுரப்புநீரை நிறுத்தினால் இப்புற்று ஒடுங்குமென 1941-ல் வெளியிட்டு, 1966-ல் நோபல் பரிசு பெற்றார். யங் 1945-ல் காலமானார். ஆண்மைக்குரிய நரம்புகளைக் காத்து இச்சிகிச்சையைச் செய்யும் முறையை, அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாக்டர் பாட்ரிக் வால்ஷ் 1982-ல் தொடங்கினார்.

பெரிய தகப்பனாருக்கு ஹக்கின்ஸ் கண்ட வழியில் சிகிச்சை நடந்தது. எட்டு மாதம் வலி குறைந்து, தாமே எழுந்து திண்ணைக்கு வந்து அமர்ந்திருந்தார்.