ஒரே கூடு, நூறு சூடு

1901 மே மாதம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சி. டபிள்யூ. ரோலண்ட் என்பவர் 200 கஜ தூரத்தில் நிறுத்திய இலக்கைப் பத்து முறை சுட்டார். பத்துத் துளைகளில் ஒன்றுக்கொன்று அதிகம் விலகியிருந்த இரண்டின் மையங்களுக்கு நடுவே இருந்த தூரம் 0.725 அங்குலம்தான். அந்தப் பத்துச் சூடும் பல பத்தாண்டுகள் குறிபார்ப்பவர்களின் அளவுகோலாக நின்றன. துப்பாக்கியின் குழலைக் கடைந்தவர் ஹாரி போப்.

போப்பின் குழலில் சுட்டவர்கள் கடையில் வாங்கிய தோட்டாவை நம்பவில்லை. ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த 'ஷூட்சன்' போட்டிகளில், ஒரே ஒரு பித்தளைக் கூட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுடுவது வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் கூட்டின் அடியில் தீப்பொறி தந்து எரிந்துபோன கேப்பைத் தட்டி வெளியேற்றிப் புதியதை அழுத்திப் பொருத்துவார்கள். வெடிமருந்தளக்கும் கருவியின் பிடியைத் திருகிக் கூட்டை நிரப்புவார்கள். ஈயக் குண்டைக் கூட்டில் செருகாமல், குழலின் வாய் வழியாகத் தண்டால் தள்ளி உள்ளே இறக்குவார்கள். கடைசியில் மருந்து நிறைந்த கூடு குழலின் பின்பக்க அறைக்குள் போகும். ஒரு சூட்டுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

ஒரே கூட்டைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சுடும் கணத்தில் பித்தளை விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு மயிரிழை சுருங்குகிறது. அதற்குப் பிறகு அந்தக் கூடு அந்த ஒரு துப்பாக்கிக்கே அளவெடுத்துச் செய்ததுபோல் ஆகிவிடும். அடுத்த சூட்டில் அது அறைக்குள் ஒரு பக்கமாகச் சாயாமல் நடுவாக உட்காரும். ஆலையிலிருந்து வரும் தோட்டாவோ எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகச் சற்றுச் சிறிதாகச் செய்யப்படுவது. காசை மிச்சம் பிடிக்க ஆரம்பித்த ஒரு பழக்கம், இந்தச் சிறு உண்மையைப் பற்றிக்கொண்டுதான் குறி தவறாமையைத் தேடும் கலையாக வளர்ந்தது.

ஆரம்பத்தில் தோட்டாக் கூடு இவ்வளவு உறுதியான பொருளாக இல்லை. 1860களில் இங்கிலாந்தின் வுல்விச் ஆயுதச்சாலையில் கர்னல் எட்வர்ட் பாக்ஸர் உருவாக்கிய கூடு, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. முழுப் பித்தளையை இழுத்து நீட்டிச் செய்யும் கூடுகள் பரவிய பிறகே மறுபடி நிரப்புவது நல்ல தொழிலானது. இதில் விதியைத் தீர்மானித்தது கேப்பு. பாக்ஸரின் முறையில், அடிபடும் கேப்பைத் தாங்கும் பட்டடை கேப்புக்குள்ளேயே இருக்கும். கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. அதன் வழியாக ஓர் ஊசியை இறக்கித் தட்டினால் பழைய கேப்பு விழுந்துவிடும். அமெரிக்கரான ஹைரம் பெர்டனின் முறையில் பட்டடை கூட்டோடு சேர்ந்தது; துளைகள் ஓரமாக இருப்பதால் ஊசிக்கு வழி கிடையாது. ஆங்கிலேயரின் கேப்பு அமெரிக்காவிலும், அமெரிக்கரின் கேப்பு ஐரோப்பியப் படைகளிலும் நிலைத்தது. கையால் நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வேரூன்றியதில் இந்த இடமாற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1870களில் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்களுக்கு இது பிழைப்பின் கணக்கு. ஷார்ப்ஸ் துப்பாக்கிக்கான பெரிய தோட்டாக்கள் விலை கூடியவை. நகரமோ பல நாள் பயணத் தொலைவில். அதனால் வண்டியில் மருந்துப் பீப்பாய், ஈயக் கட்டி, கேப்புப் பெட்டி மூன்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பகலில் சுட்ட கூடுகளைப் பொறுக்கிவந்து இரவில் முகாம் நெருப்பில் ஈயம் உருக்கிக் குண்டு வார்த்தார்கள். அந்த வேட்டை பல லட்சக்கணக்கான விலங்குகளைச் சில ஆண்டுகளில் துடைத்தெறிந்தது. அந்தப் பேரழிவை மலிவாக்கியதில் இந்தக் கைவேலைக்கும் பங்கு இருந்தது என்பதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது.

தோட்டாவை நம்பலாமா என்ற கேள்விக்கு 1874இல் நியூயார்க்கை அடுத்த கிரீட்மோர் மைதானத்தில் விடை கிடைத்தது. வாய்வழி நிரப்பும் ரிக்பி துப்பாக்கிகளோடு வந்த அயர்லாந்து அணியை, தோட்டா போடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகளோடு அமெரிக்க அணி 934க்கு 931 என்று வென்றது. தூரம் 800, 900, 1000 கஜங்கள். அயர்லாந்துக்காரர் ஒருவர் தவறான இலக்கைச் சுட்டிருக்காவிட்டால் முடிவு மாறியிருக்கும். பத்தாண்டு கழித்து, 1884இல், ஜான் பார்லோ நியூ ஹேவன் நகரில் ஐடியல் நிறுவனத்தைத் தொடங்கினார். இடுக்கி போன்ற அவருடைய கைக்கருவியில் கேப்பு எடுப்பது, பொருத்துவது, குண்டு வார்ப்பது எல்லாமே நடந்தன.

மாசசூசெட்ஸைச் சேர்ந்த டாக்டர் பிராங்க்ளின் மான் இன்னொரு வகை மனிதர். குழலைக் கான்கிரீட் தூணில் அசையாமல் பூட்டிவைத்துப் பல ஆண்டுகள் சுட்டுப் பார்த்தார். குண்டின் முனை சிதைந்தால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, அடிப்பக்கம் சிதைந்தால்தான் பாதை கெடுகிறது என்று காட்டினார். 1909இல் வெளியான அவருடைய புத்தகத்துக்குப் பின் ஊகத்துக்கு இடம் குறைந்தது.

இதற்கிடையே பித்தளைக்கே ஆபத்து வந்தது. அன்றைய கேப்புகளில் பாதரச ஃபல்மினேட் இருந்தது. கரிமருந்துக் காலத்தில் ஏராளமான புகைக்கரி அந்தப் பாதரசத்தை அடித்துக்கொண்டு போய்விடும். புகையில்லா மருந்து வந்ததும் அது கூட்டின் உள்சுவரில் படிந்து பித்தளையோடு கலந்தது. வெளியே பார்த்தால் பளபளப்பாக இருக்கும் கூடு, அடுத்த சூட்டிலேயே பிளந்துபோகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ராணுவம் பாதரசத்தைக் கைவிட்டது. வணிகத் தோட்டாக்களில் அது மேலும் பல ஆண்டுகள் நீடித்தது.

பித்தளையின் இன்னொரு நோய்க்கு ஊர் இந்தியா. பிரிட்டிஷ் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டபோது, யாரும் சுடாமலே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும், கூட்டை இழுத்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1921இல் இதைத் தெளிவாக விளக்கினார்கள். தீர்வும் எளிது: இதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட வேண்டும்.

கும்பகோணத்துக் கன்னார் தட்டிய பாத்திரத்தை நடுநடுவே உலையில் காட்டி இளக்கிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த தோட்டாப் பித்தளையும் அடிபட அடிபட இறுகும். ஒவ்வொரு சூட்டிலும் கூட்டின் கழுத்து விரிகிறது, அச்சில் மறுபடி சுருக்கப்படுகிறது. இறுகி இறுகி ஒருநாள் கீறல் விடுகிறது. அதனால் பழைய கைகாரர்கள் கூடுகளை ஒரு தட்டில் பாதியளவு தண்ணீரில் நிற்கவைத்து, கழுத்தில் மட்டும் தீயைக் காட்டி, நிறம் மாறியதும் தண்ணீரிலேயே சாய்த்துவிடுவார்கள். தண்ணீர் அடிப்பாகத்தைக் காப்பதற்காக. அடி இளகிவிட்டால் அது அழுத்தம் தாங்காது; ஆபத்து சுடுபவரின் முகத்துக்கே வரும்.

பிரிட்டிஷ் சிப்பாயின் .303 தோட்டாவுக்கு மறுபிறவி என்ற எண்ணமே இருந்ததில்லை. கேப்பு பெர்டன் வகை. மருந்து, கயிறு கயிறாக வரும் கார்டைட். நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து செய்துவந்த அதே சரக்கு. அந்தக் கார்டைட் கயிற்றுக் கட்டைக் கூட்டுக்குள் வைத்த பிறகே கழுத்தை ஒடுக்குவார்கள். பிற்காலத்தில் வேட்டைக்காரர்கள் பாக்ஸர் கேப்புள்ள .303 கூடுகளை நிரப்பியபோது வேறொரு தொல்லை. .303 சுடும் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியின் அறை தாராளமானது, பூட்டுத் தாழ் பின்னால் இருப்பது. கூடு ஒவ்வொரு முறையும் நீண்டு, அடியை ஒட்டிச் சுவர் மெலியும். வெளியே ஒரு பளிச்சென்ற வளையம் தெரியும். வளைத்த கம்பியின் முனையை உள்ளே விட்டு இழுத்தால் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். அந்தக் கூட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். முழுக்கூட்டையும் அச்சில் அழுத்தாமல் கழுத்தை மட்டும் சுருக்கினால் அதன் ஆயுள் கூடும் என்று கண்டுகொண்டார்கள். ஷூட்சன்காரர்களுக்குத் தெரிந்திருந்த அதே உண்மை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்தக் கைவேலை பெருக்கெடுத்தது. கேன்சஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் ஆயுள் காப்பீட்டின்மேல் கடன் வாங்கி, ராணுவம் கழித்துவிட்ட '4895' என்ற வகை மருந்தை மொத்தமாக வாங்கினார். பழைய ரயில் பெட்டியில் அடைத்துவைத்து விற்றார். கலிபோர்னியாவில் பிரெட் ஹண்டிங்டன், சுட்டுத் தள்ளிய .22 காலிக் கூடுகளையே குண்டின் மேலுறையாக மாற்றும் அச்சுகளைச் செய்தார். ஆர்சிபிஎஸ் நிறுவனம் அதிலிருந்துதான் பிறந்தது.

1970களின் நடுவில் மருத்துவர் லூயி பால்மிசானோவும் கருவிகள் செய்பவரான ஃபெரிஸ் பின்டெலும் .220 ரஷ்யன் என்ற தோட்டாவின் கூட்டை எடுத்து, அறையின் வடிவத்துக்கு விரித்து, 6 மி.மீ. பிபிசி (PPC) தோட்டாவை உருவாக்கினார்கள். மேசைமேல் துப்பாக்கியை வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளை அது சில ஆண்டுகளிலேயே கைப்பற்றியது. அந்தப் போட்டியாளர்கள் பெட்டி பெட்டியாகத் தோட்டா சுமந்து வருவதில்லை. கைப்பிடியில் அடங்கும் சில கூடுகள், சிறிய அழுத்துகருவி, மருந்தளவி ஆகியவற்றோடு மைதானத்து மேசையில் உட்கார்கிறார்கள். ஒரு சுற்று முடிந்ததும் அதே கூடுகளைத் துடைத்து, கழுத்தைச் சுருக்கி, கேப்பு மாற்றி, காற்றையும் வெயிலையும் பார்த்து மருந்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ நிரப்பி, அடுத்த சுற்றுக்கு எழுந்து போகிறார்கள்.