பாய்க்கு எவ்வளவு கடன்?

பத்தமடை என்ற ஊரில் நெய்யும் நுண்பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கும் இங்கிருந்து பாய் போனது என்பார்கள். ஆனால் புகழை எந்த வங்கியும் ஈடாக ஏற்றதில்லை. 1969இல் 14 வங்கிகள் அரசுடைமையான பிறகுதான் சிறு கைத்தொழில்களுக்குக் கடன் தருவது வங்கிகளின் கடமையானது. 2003இல் வந்த கைவினைஞர் கடன் அட்டைக்கு உச்சவரம்பு 2 லட்சம் ரூபாய். 2023இல் தொடங்கிய, கைவினைஞர்களுக்கான விஸ்வகர்மா திட்டம் பாய் முடைவோரையும் சேர்த்துக்கொண்டது: 5 சதவீத வட்டியில், ஈடில்லாமல் முதலில் 1 லட்சம், அதை 18 மாதங்களில் அடைத்தால் அடுத்து 2 லட்சம். நிலப்பத்திரமோ கணக்குப் புத்தகமோ இல்லாமல் வீட்டிலிருந்தே நெய்யும் பெண்ணுக்கு, அடைக்க அடைக்க உயரும் இந்த வரம்பு பெரிய வாசல் என்றே நினைக்கிறேன்.

வரம்பு குறைவாக இருந்தால்தான் நெய்பவர்கள் கடனில் மூழ்கமாட்டார்கள் என்பது நியாயமான வாதம். சாதாரணப் பாய்க்கு அது சரி. நுண்பாயின் கதை வேறு. கோரைப்புல்லைக் கீறி, ஊறவைத்து, சாயமேற்றி நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். விற்கும் நாளோ நிச்சயமில்லை. அதுவரை கைமுதல் தாங்காவிட்டால் நெய்பவர் முன்பணம் தரும் வியாபாரியிடம்தான் போக வேண்டும். அப்போது பாயின் விலையைச் சொல்வது நெய்தவராக இருக்காது. ஆகவே வரம்பைக் கணக்கிடும் அதிகாரி, நெய்பவரின் வருமானச் சான்றோடு ஒரு பாய்க்குப் பிடிக்கும் காலத்தையும் பார்க்க வேண்டும்.