தாமிரபரணி வடிநிலத்தின் இருபருவ மழையும் கார், பிசான வேளாண்மையும்

முன்னுரை

ஒரு வட்டாரத்தின் வேளாண் வரலாற்றை எழுதுவோர் மாவட்டச் சராசரி மழையளவை அடிப்படையாகக் கொள்வது வழக்கம். தாமிரபரணி வடிநிலத்தைப் பொறுத்தவரை இவ்வணுகுமுறை போதாது. மழை பொழியும் இடமும் அதன் நீர் பயன்படும் இடமும் இங்கு வேறுவேறானவை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மலையும் சமவெளியும்

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளச் சரிவில் பெருமழை பொழிந்து, முகட்டை ஒட்டிய மேல்வடிநிலத்தையும் நனைக்கிறது. கிழக்கே மழைமறைவில் அமைந்த சமவெளி அம்மாதங்களில் வறண்டே கிடக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையோ மலைக்கும் சமவெளிக்கும் பொதுவானது. இவ்விரு பருவங்களே ஆற்றின் நீரோட்டத்தை ஆண்டின் பெரும்பகுதிக்கும் நீட்டிக்கின்றன.

அணைக்கட்டுகளும் சாகுபடியும்

நெல்லைச் சீமையின் கார், பிசானம் என்னும் இரு நெற்சாகுபடிகளும் இப்பருவங்களைத் தழுவியவை. உரையாசிரியர்கள் கார்காலத்திற்கு வகுத்த ஆவணி, புரட்டாசி மாதங்களில் நெல்லைச் சமவெளியில் மழை அரிது. ஆயினும் கார்நெல் விளைகிறது. அதனை விளைவிப்பது மலையில் பெய்து கால்வாய் வழி வந்த நீரே. பிசானத்திற்கு ஆற்றுநீருடன் உள்ளூர் மழையும் குளத்துநீரும் துணைநிற்கின்றன.

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழு அணைக்கட்டுகள் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. இவை நீரைத் தேக்குவன அல்ல; கால்வாய்களுக்குத் திருப்புவன. தேக்கும் பணி குளங்களுக்கு உரியது. எனவே, தென்மேற்குப் பருவம் பொய்த்தால் முதலில் தாக்குறுவது கார். வடகிழக்குப் பருவம் பொய்த்தால் குளங்களும் வறள, பிசானம் நலிவுறும். 1940களில் பாபநாசம் அணையும் 1958இல் மணிமுத்தாறு அணையும் எழுந்தபின், மலைநீரைத் தேக்கி வேண்டும்போது திறக்கும் வாய்ப்பு உருவாயிற்று.

தேக்கத்தின் எல்லை

2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழை இவ்வாய்ப்பின் எல்லையைப் புலப்படுத்தியது. 24 மணி நேரத்தில் மாஞ்சோலையில் 55 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ., வடிநிலத்தை ஒட்டிய காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி 700 மி.மீ.க்கும் குறைவு என்பது ஒப்புநோக்கத்தக்கது. மலையணைகளுக்குக் கீழே பொழியும் மழையை அவ்வணைகளால் தடுக்க இயலாது. அந்நீரை ஏற்கவேண்டியவை குளங்களும் கால்வாய்களும் வடிகால்களுமே.

முடிவுரை

மலைமழையைச் சமவெளிக்குக் கொணர்ந்தவை அணைக்கட்டுகளும் கால்வாய்களும். சமவெளி மழையை ஏந்தியவை குளங்கள். ஒன்றை மட்டும் ஆராய்ந்தால் இவ்வடிநிலத்தின் வளமும் விளங்காது, வெள்ளமும் விளங்காது. பஞ்சம், வரிவஞ்சனை, குடிப்பெயர்வு குறித்த ஆய்வுகளும் எப்பருவம் பொய்த்தது, எச்சாகுபடி அழிந்தது என வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். ஆண்டு மொத்த மழையளவு அவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.