ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கண்ட ஸ்ரீரங்கம்

ஊர் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கண்ணில் பட்டதை வியந்துவிட்டுப் போவார்கள். ஸ்காட்லாந்தில் ஏர் என்னும் ஊரில் 1808-இல் பிறந்து, எடின்பரோவில் பள்ளியில் படித்து, வங்காளத்தில் அவுரி வியாபாரத்தால் பொருளீட்டிய பின் பாரத தேசத்துக் கட்டடங்களை வரைந்தும் அளந்தும் சஞ்சரித்த ஜேம்ஸ் பெர்குஸனோ, ஸ்ரீரங்கத்தின்மீது ஒரு குற்றப்பத்திரிகையே எழுதி வைத்தார். புறத்தே பிரம்மாண்டமான கோபுரங்களும், உள்ளே போகப் போகச் சிறுத்துவரும் வாசல்களும், யாவற்றினும் தாழ்ந்த மூலஸ்தானமும் அமைந்த இந்த வரிசை தலைகீழாக இருந்திருந்தால் தென்னாட்டின் மிகச் சிறந்த ஆலயங்களுள் இதுவும் ஒன்றாகியிருக்கும் என்பது, 1876-இல் வெளிவந்த அவருடைய கட்டடக்கலை சரித்திரம் கூறும் அபிப்பிராயம்.

தெற்கு வாசலில் நுழைந்து, கடைவீதியின் சந்தடியையும், சித்திரை வீதி, உத்தர வீதி இவற்றின் திண்ணை வீடுகளையும் கடந்து, ரங்கா ரங்கா கோபுரத்தை அடையும் பிரயாணிக்கு இது நியாயமாகவே தோன்றக்கூடும். ஆனால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 156 ஏக்கரில், ஏழு பிராகாரங்களும் 21 கோபுரங்களுமாக விரிந்த இந்த க்ஷேத்திரம் ஒரு சிற்பி ஒரே மூச்சில் வகுத்ததன்று. சோழரும் பாண்டியரும் ஹொய்சளரும் விஜயநகரத்தாரும் நாயக்கரும் தத்தம் காலத்தில் உள்ளிருந்து வெளிநோக்கி வளர்த்தது. நடுவிலுள்ள சிறிய விமானத்தை இடித்து உயர்த்த எவருக்கும் மனம் துணியவில்லை. ஜடாவர்மன் சுந்தர பாண்டியன் பொன் வேய்ந்தானேயன்றி அதன் அளவைத் தொடவில்லை. 1323-இல் டில்லிப் படையெடுப்புக்கு அஞ்சிப் பிள்ளை லோகாசாரியார் முதலியோர் உற்சவ மூர்த்தியான அழகியமணவாளனை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வெளியேறினர். 1371-இல் செஞ்சியிலிருந்து விஜயநகரத் தளபதி கோபண்ணர் அவரை மீட்டு வந்து பிரதிஷ்டை செய்யும் வரையில், இத்தனை மதில்களும் பெருமாள் இல்லாத மதில்களாகவே நின்றன. எது பெரியது என்பதை ஊரார் அந்நாளிலேயே அறிந்திருப்பார்கள்.

இன்றும் அயல் சமயத்தார் மூலஸ்தானம் வரை செல்ல இயலாது. மேல்தளத்தில் ஏறி நின்று அந்தப் பொன் விமானத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

பெர்குஸன் நாளில் தெற்கே வெளிவாசல் மொட்டைக் கோபுரமாகக் கிடந்தது. விஜயநகரத்தார் காலத்தில் தொடங்கி நின்றுபோன அப்பணியை, அஹோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் முன்னின்று, 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு முடித்து வைத்தார். 1987 மார்ச்சில் கும்பாபிஷேகமும் நடந்தேறியது. அந்த ஸ்காட்லாந்துக்காரர் கணக்குப்படி பார்த்தால் ஸ்ரீரங்கத்தின் குற்றம் அன்றுதான் பூர்த்தியாயிற்று.